வாக்கெடுப்பு நாளில் விழித்தால் போதாது

மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி. அந்த வருடம் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் இன்று வாக்காளர்களாகிவிட்டார்கள். ஜனாதிபதித் தேர்தலையும் பாராளுமன்றத் தேர்தலையும் உள்ளூராட்சித் தேர்தலையும் பார்த்த அந்தத் தலைமுறை, மாகாண சபைத் தேர்தல் ஒன்றைப் பாடப்புத்தகத்தில் மாத்திரமே அறியும்.

இந்தத் தேர்தலை எவரும் ரத்துச் செய்யவில்லை. நீதிமன்றம் தடை விதிக்கவுமில்லை. பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது, அவ்வளவுதான். அது எப்படி நிறைவேறியது என்பதை விளங்கிக்கொண்டால், இந்த நாட்டில் சட்டம் ஆக்கப்படும் முறையும், அதில் எமது சமூகம் எந்த இடத்தில் தூங்கிப்போகிறது என்பதும் தெளிவாகும்.

முதலில் ஒழுங்கான பாதையைப் பார்ப்போம். பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள். 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து 196 பேரும் தேசியப் பட்டியலிலிருந்து 29 பேரும் வருகிறார்கள். எமது மாத்தளை மாவட்டத்தின் பங்கு 5 ஆசனங்கள். சட்டம் இந்த 225 பேரின் கைகளில் பிறப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான சட்டமூலங்கள் அமைச்சு ஒன்றில் கொள்கை யோசனையாகத் தொடங்குகின்றன. அமைச்சரவை அங்கீகரித்த பின்னர் சட்டவரைஞர் திணைக்களம் அதை வாசகங்களாக எழுதுகிறது. சட்டமா அதிபர் அது அரசியலமைப்புக்கு முரணானதா என்று பார்க்கிறார். மீண்டும் அமைச்சரவைக்குப் போய், பிறகு வர்த்தமானியில் வெளியாகிறது.

வர்த்தமானியில் வெளியாகிக் குறைந்தது 7 நாட்கள் கழிந்த பிறகே சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கலாம். அதுதான் முதலாம் மதிப்பீடு. அன்று விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. தொலைக்காட்சிச் செய்தியில் அரை நிமிடம் கூட அதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு சாதாரண பிரஜைக்கு அன்றிலிருந்துதான் முக்கியமான காலம் ஆரம்பிக்கிறது. அரசியலமைப்பின் 121ஆவது உறுப்புரையின்படி, எந்தப் பிரஜையும் அந்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 14 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நீதிமன்றம் மூன்று வாரங்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். சாதாரண பெரும்பான்மை போதுமா, மூன்றில் இரண்டு தேவையா, அல்லது அதற்கு மேல் மக்கள் தீர்ப்பும் தேவையா என்பதை அந்தத் தீர்மானம் சொல்லும். எந்த வாசகத்தைத் திருத்தினால் முரண்பாடு நீங்கும் என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டலாம்.

அதன் பிறகு துறைசார் மேற்பார்வைக் குழு, இரண்டாம் மதிப்பீட்டு விவாதம், குழுநிலை, மூன்றாம் மதிப்பீடு. கடைசியில் சபாநாயகர் சான்றுரைப்படுத்திக் கையொப்பமிடுகிறார். அந்தக் கையொப்பத்துடன் சட்டமூலம் சட்டமாகிறது. அதன் பின்னர் அந்தச் சட்டத்தின் வலிதை எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது என்று 80(3) உறுப்புரை சொல்கிறது.

இந்தியாவுடன் ஒப்பிட்டால் இதன் பாரம் புரியும். அங்கே பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைப் பல வருடங்களுக்குப் பிறகும் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்கலாம். 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தையும் அதற்காகச் செய்யப்பட்ட சட்டத் திருத்தங்களையும் 2024 பெப்ரவரியில் அந்த நீதிமன்றம் தள்ளிவிட்டது. எமது நாட்டிலும் சோல்பரி யாப்பின் கீழ் நிறைவேறிய சட்டங்களை நீதிமன்றங்கள் பரிசீலிக்க முடிந்தது. 1962 இராணுவச் சதி வழக்குக்காக ஆக்கப்பட்ட விசேட சட்டத்தைப் பிரிவுக் கவுன்சில் செல்லாது என்று தீர்த்ததும் அந்தக் காலத்தில்தான். 1972 குடியரசு யாப்பு அந்தக் கதவை மூடியது. 1978 யாப்பும் அதைத் திறக்கவில்லை. ஆகவே எமக்கு எஞ்சியிருப்பது சட்டமாகும் முன்னர் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள் மாத்திரமே.

இப்போது மாகாண சபைக்கு வருவோம்.

2017ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தபோது அதன் நோக்கம் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 சதவீத இடத்தை உறுதிப்படுத்துவதாக இருந்தது. அதை எதிர்த்து எவர் உயர் நீதிமன்றத்துக்குப் போவார்? அதே காலத்தில் எல்லா மாகாண சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடத்துவதற்கான 20ஆவது திருத்தச் சட்டமூலம் ஒன்றும் வந்தது. அதற்கு எதிராகப் பலர் நீதிமன்றம் போனார்கள். மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் தேவை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்த வழி அடைபட்டது.

அடுத்து நடந்ததுதான் எமக்குரிய பாடம். செப்டெம்பர் 20ஆம் திகதி, பெண்கள் பிரதிநிதித்துவத்துக்கென வந்த அந்தச் சிறிய சட்டமூலத்துக்குள் குழுநிலையில் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் புகுத்தப்பட்டன. விகிதாசார முறை போய், பாதி உறுப்பினர்களைத் தொகுதி முறையிலும் பாதியை விகிதாசார முறையிலும் தெரிவு செய்யும் கலப்பு முறை வந்தது. அதற்காகப் புதிய எல்லை நிர்ணயமும், அந்த அறிக்கைக்குப் பாராளுமன்றத்தின் அங்கீகாரமும் தேவைப்பட்டன. அன்று அரசாங்கத் தரப்பில் இருந்த சிறுபான்மைக் கட்சிகள் முதலில் எதிர்த்தன. கடைசி நேரப் பேச்சுவார்த்தையில் தொகுதிப் பங்கு 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் ஆதரவளித்தன. அன்றே சட்டமூலம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேறியது. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அதுதான்.

வர்த்தமானியில் வந்தது ஒன்று, சட்டமானது வேறொன்று. பிரஜைகளுக்கு நீதிமன்றம் போவதற்குரிய காலம், புகுத்தப்பட்ட அந்தப் பகுதிகளைப் பொறுத்தவரை, தொடங்கவேயில்லை. குழுநிலைத் திருத்தங்கள் பற்றிச் சட்டமா அதிபர் சபாநாயகருக்குத் தமது அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும் என்று 77ஆவது உறுப்புரை கூறுகிறது. ஆனால் அது அரசாங்கத்தின் சட்ட ஆலோசகர் தரும் அபிப்பிராயம். பிரஜை ஒருவர் திறந்த நீதிமன்றத்தில் வாதிடுவதற்கு அது ஈடாகாது.

தொகுதி முறை எமக்கு ஏன் பிரச்சினையாகிறது என்பதை மாத்தளையை வைத்தே சொல்லலாம். இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. மாத்தளை நகர், உக்குவளை, கலேவெல, மடவளை உல்பொத்த என்று சிதறி வாழ்கிறார்கள். மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியாக எண்ணப்படும் விகிதாசார முறையில் இந்தச் சிதறிய வாக்குகளை விருப்பு வாக்குகளாக ஒன்றுசேர்த்து ஒருவரைத் தெரிவு செய்ய வழியுண்டு. சிறு சிறு தொகுதிகளாக வெட்டினால், ஒவ்வொரு தொகுதியிலும் நாம் சிறு தொகையினர். எல்லைக் கோட்டை யார், எங்கே கீறுகிறார் என்பதே பிரதிநிதித்துவத்தைத் தீர்மானித்துவிடும். மலையகத் தமிழ் மக்களுக்கும் இதே நிலைதான்.

எல்லை நிர்ணய அறிக்கை வந்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை. எதிராக 139. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டிய அந்த வேலை முடியவில்லை. பழைய முறையிலாவது தேர்தலை நடத்தலாமா என்று 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டார். சட்டம் மாற்றப்படாமல் முடியாது என்பதே பதில். பழைய சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. புதிய சட்டத்தை நடைமுறைப்படுத்த முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது மாகாணங்களின் வாக்குரிமை சிக்கிக்கொண்டது.

மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து மாகாணத்தின் அதிகாரம் ஆளுநரிடம். ஆளுநர் ஜனாதிபதியால் நியமிக்கப்படுபவர். அவர் திறமையானவராகவும் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் எம்மிடம் வாக்குக் கேட்டு வர வேண்டிய தேவை அவருக்கு இல்லை. தேசியப் பாடசாலைகள் தவிர்ந்த எல்லா அரச பாடசாலைகளும், கிராமிய வைத்தியசாலைகளும், மாகாண வீதிகளும் மாகாண நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் கிடக்கும் பல்லேகம போன்ற ஒரு பிரதேசத்துக்கு இவைதான் அரசாங்கம். ஒரு பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இல்லை, விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை என்றால், முன்னர் பெற்றார் ஒரு மாகாண சபை உறுப்பினரின் வாசலுக்காவது போவார்கள். அவர் சபையில் எழுந்து கேட்க வேண்டிய கட்டாயம் இருந்தது. இன்று கடிதம் எழுதுவதோடு சரி. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரை விட்டுப் புதிய இடத்துக்கு மாறிய மக்களும் தமது புதிய ஊரின் பாடசாலை பற்றியும் வீதி பற்றியும் எந்த மாகாணப் பிரதிநிதியிடமும் கேட்க முடியாத நிலையில்தான் இருக்கிறார்கள்.

குழுநிலை ஒரு கதவு என்றால், சான்றுரை இன்னொரு கதவு. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2023 ஒக்டோபர் 3ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்ட அந்தச் சட்டமூலத்துக்கு எதிராக ஏராளமான மனுக்கள் போயின. பல வாசகங்களைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது. மூன்றில் இரண்டுக்கு 150 வாக்குகள் வேண்டும். ஆகவே நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் அனைத்தும் உள்ளடக்கப்பட்டிருக்க வேண்டும். அவை முழுமையாக உள்ளடக்கப்படவில்லை என்று எதிர்க்கட்சி குற்றஞ்சாட்டியது. பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட்டார். அதைக் காரணமாகக் கொண்டு அவருக்கு எதிராக வந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை 117க்கு 75 என்று தோற்றது. கையொப்பத்துக்குப் பின்னர் நீதிமன்றத்தில் கேட்க வழியில்லை, சபைக்குள் கேட்க வாக்குகள் இல்லை. எழுதப்பட்ட பாதுகாப்பு ஒன்றை நடைமுறையில் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு இது உதாரணம்.

மூன்றாவது கதவைப் பற்றி எமது சமூகத்துக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அது எம்மைச் சுட்டது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி கொவிட் தொற்றால் மரணித்தோரின் உடல்கள் தகனம் செய்யப்பட வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டபோது, பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலமும் வரவில்லை. விவாதம் நடக்கவில்லை. அப்போது பாராளுமன்றமே கலைக்கப்பட்டிருந்தது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைச்சர் வெளியிட்ட ஓர் ஒழுங்குவிதி, ஒரு வர்த்தமானி, அவ்வளவே. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும் அந்த விதி நின்றது. அடிப்படை உரிமை மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரி கடைசியில் இன்னொரு வர்த்தமானி வந்து அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட ஜனாஸாக்களுக்கு அந்த மன்னிப்பு என்ன செய்யும் என்று கேட்கும் குடும்பங்கள் நாடெங்கும் இருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, பெரும்பாலான சட்டங்கள் அமைச்சருக்கு ஒழுங்குவிதி ஆக்கும் அதிகாரத்தைக் கொடுக்கின்றன என்பதாகும். விதி வர்த்தமானியில் வந்த நாளிலிருந்து அமுலாகும். பாராளுமன்றத்தின் அங்கீகாரம் 'வசதியான விரைவில்' பெறப்படும். அதாவது முதலில் நடைமுறை, பிறகு அனுமதி. ஆகவே ஒரு சட்டமூலம் வரும்போது அதன் தலைப்பையும் முதல் சில வாசகங்களையும் மாத்திரம் பார்த்தால் போதாது. கடைசிப் பக்கங்களில் 'அமைச்சர் ஒழுங்குவிதிகளை ஆக்கலாம்' என்ற வாசகம் எந்தெந்த விடயங்களைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இன்று ஏன் இதை எழுதுகிறேன்? 2024 நவம்பர் 14ஆம் திகதி தேர்தலில் ஒரே தரப்பு 159 ஆசனங்களைப் பெற்றது. அந்தத் தரப்பு நல்லதா கெட்டதா என்பது இந்தக் கட்டுரையின் பேச்சல்ல. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. இதற்கு மூன்றில் இரண்டு தேவை என்று உயர் நீதிமன்றம் சொன்னால், கூட்டணி அரசாங்கம் தடுமாறும், பேரம் பேசும், சில வேளை பின்வாங்கும். 150க்கு மேல் சொந்த உறுப்பினர்களை வைத்திருக்கும் அரசாங்கத்துக்கு அது ஒரு தடையே அல்ல. முன்னர் சிறிய கட்சிகளின் ஏழெட்டு வாக்குகள் பேரம் பேசின. இப்போது அந்தப் பலம் இல்லை. சட்டமூலம் எழுதப்படும் கட்டத்திலும் வர்த்தமானிக் கட்டத்திலும் குழுக்களின் முன்னிலையிலும் நியாயத்தை எடுத்துரைப்பதே மிச்சமாக உள்ள வழி.

எம்மைத் தொடக்கூடிய சட்டமூலங்கள் வரிசையில் நிற்கின்றன. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் சலீம் மர்சூப் தலைமையில் குழு நியமிக்கப்பட்டு, 2018இல் அறிக்கை கையளிக்கப்பட்டது. ஒன்பது வருடம் குழு, அதற்குப் பின்னும் வருடக்கணக்கில் விவாதம். எமது பக்கத்திலேயே கருத்து வேறுபாடுகள் உண்டு. பெண்களின் முறைப்பாடுகளும் உலமாக்களின் கவலைகளும் இரண்டுமே உண்மையானவை. ஆனால் ஒருநாள் சட்டமூலம் வர்த்தமானியில் வந்துவிட்டால், அதன் பின்னர் எமக்கு இருப்பது வருடங்கள் அல்ல, வாரங்கள். அந்த நேரத்தில் முதன்முதலாக வாசிக்க உட்கார்ந்தால் தாமதமாகிவிடும். வக்பு சட்டத்துக்கும் மாகாண சபைத் தேர்தல் சட்டத்துக்கும் இதுவே பொருந்தும்.

அரசாங்கத் தரப்பு நியாயமும் ஒன்று உண்டு. சட்டம் ஆனபின் எந்நாளும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்றால் சட்டத்தில் நிச்சயம் இருக்காது, மக்கள் தெரிவு செய்த சபையின் முடிவை நீதிபதிகள் சிலர் மாற்றலாமா என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் 2017இல் நடந்தது எதிர்த்திசையில் உள்ள ஆபத்து. மக்கள் பார்க்காத வாசகங்கள் ஒரே நாளில் சட்டமாகி, மக்கள் சபைகளையே இல்லாமல் செய்தன. நிச்சயம் என்று சொல்லி நாம் பெற்றது அதைத்தான். குறைந்தபட்சம், சட்டமூலத்தின் நோக்கத்தையே மாற்றும் குழுநிலைத் திருத்தங்கள் மீண்டும் வர்த்தமானியில் வந்து, மனுச் செய்யும் காலம் புதிதாகத் தொடங்க வேண்டும். நிறைவேறிய சட்டங்களையும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள்ளாவது உயர் நீதிமன்றம் பரிசீலிக்க இடமிருக்க வேண்டும். புதிய அரசியலமைப்பு பற்றிய பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் எமது பிரதிநிதிகள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. ஆசனக் கணக்குக்கு அடுத்தபடியாக அல்ல, அதற்குச் சமமாக.

மாகாண சபைத் தேர்தலைப் பொறுத்தவரை முடிச்சு அவ்வளவு சிக்கலானதல்ல. பழைய விகிதாசார முறைக்குத் திரும்பும் ஒரு சிறிய திருத்தச் சட்டம் போதும். அதைத் தனி உறுப்பினர் சட்டமூலமாக முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் முன்வைத்தார், அது சட்டமாகவில்லை. வாசகம் எழுதத் தெரியாமல் அல்ல, எழுத விருப்பமில்லாமல்தான் தேர்தல் நிற்கிறது.

நாம் செய்யக்கூடியதற்கும் அளவு உண்டு, ஆனால் அது வெறுமை அல்ல. சட்டமூலங்கள் மூன்று மொழிகளிலும் வெளியாகின்றன. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியின் இணைப்பாக வரும். அரசாங்க அச்சகத்தின் இணையத்தளத்திலும் பாராளுமன்ற இணையத்தளத்திலும் இலவசமாக வாசிக்கலாம். வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குக் கூடும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சட்டத்தரணி இல்லாமல் இருக்கலாம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு குழு இருக்க முடியாதா? பள்ளிவாசல் சம்மேளனம், ஜம்இய்யதுல் உலமா கிளை, ஓய்வுபெற்ற அதிபர்கள், இரண்டொரு இளம் சட்டத்தரணிகள், சட்டம் படிக்கும் எமது பெண் பிள்ளைகள். அவர்கள் செய்ய வேண்டியது மூன்றே வேலை. வாரந்தோறும் வந்த சட்டமூலங்களையும் ஒழுங்குவிதிகளையும் பார்ப்பது. எம்மை, எமது பாடசாலைகளை, எமது அயலவரைத் தொடுவது எது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதுவது. அதைத் துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கும் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் காலக்கெடு முடியுமுன் சேர்ப்பது. பாராளுமன்றத்தில் பொது மனுக்கள் பற்றிய குழுவும் உண்டு. உறுப்பினர் ஒருவர் மூலம் அங்கே மனுக் கொடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அமைச்சிடம் ஆவணம் கேட்கலாம்.

பத்தாம் வகுப்பில் குடியியற் கல்வி படிப்பிக்கும்போது சட்டவாக்கம், நிறைவேற்றுத்துறை, நீதித்துறை என்று மூன்று பெட்டிகள் கீறி அம்புக்குறி போடுகிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து புள்ளி வாங்குகிறார்கள். அதோடு சேர்த்து ஒரு சட்டமூலத்தையும் வகுப்பில் வாசிக்கக் கொடுத்தால், தலைப்பில் ஒன்றும் உள்ளே வேறொன்றும் இருப்பதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வரும். 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி அந்தப் பழக்கம் நாட்டில் போதுமானவர்களிடம் இருந்திருந்தால், வாக்கெடுப்புக்கு முன்னரே கேள்விகள் எழுந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வர்த்தமானி வரும். அதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்பதை எமது ஊர்களில் இப்போதே தீர்மானித்துக்கொள்வோம்.